கேளுங்கள், சொல்கிறோம்: கடற்கரை எச்சரிக்கை யாருக்குப் போகிறது?

எங்கள் ஊர்க் கடலில் விடுமுறை நாளென்றால் யாராவது அலையில் சிக்குகிறார்கள். மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் 'ஆபத்து, கடலில் இறங்காதீர்' என்று படம் போட்டும் பலனில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், குமரி மாவட்டம்

உங்கள் குழுவில் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள். சிக்குகிறவர்களோ பெரும்பாலும் வேன் பிடித்து வருகிற வெளியூர்ப் பிள்ளைகள். படம் அவர்கள் கைக்குப் போகவே இல்லை. லாட்ஜ்காரர், டீக்கடைக்காரர், வேன் ஓட்டுநர் ஆகியோரின் ஸ்டேட்டஸில் அதை வைக்கச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் கடற்கரையின் பெயரையே லொக்கேஷனாகக் கொடுத்து ரீல் போடுங்கள். புறப்படுமுன் பார்க்கட்டும்; மணலில் கால் வைத்தபின் யாரும் படிக்க மாட்டார்கள்.

அடுத்து, 'ஆபத்து' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எது ஆபத்து என்று அது காட்டுவதில்லை. உயரமான இடத்திலிருந்து ஒரு படம் எடுங்கள்: இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் நுரையின்றிக் கறுத்துக் கிடக்கும். அமைதியாக இருக்கிறதே என்று ஆட்கள் இறங்குவது அங்கேதான். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழியும் அதுவே. அதன்மேல் சிவப்பு அம்பு போட்டு, கீழே பெரிய எழுத்தில் எழுதுங்கள்:

'இழுத்தால் எதிர்த்து நீந்தாதே. மல்லாந்து மித, ஒரு கையை ஆட்டு. கரைக்கு இணையாக நகர்ந்து, நுரை வந்ததும் திரும்பு. கரையில் நிற்பவர் குதிக்காதீர். மூடிய காலித் தண்ணீர்க் கேனை வீசி, 112-ஐ அழையுங்கள்.'

இதற்குமேல் ஒரு வரியும் வேண்டாம். பிணத்தின் படம் வேண்டவே வேண்டாம். பார்த்தவர் பதறித் தள்ளிவிடுவார், வீட்டார் நோவார்கள்.

கள்ளக்கடல் (முன்னறிகுறியின்றிக் கரையேறும் பெரிய அலை) எச்சரிக்கை முடிந்தபிறகும் அதே படம் சுற்றுகிறதே?

தேதியில்லாமல் அனுப்பினால் அப்படித்தான். இரண்டு முறை பொய்யானால் மூன்றாம் முறை யாரும் நம்பமாட்டார்கள். கள்ளக்கடல் வரும்போது உள்ளூரில் பலத்த காற்று இல்லாமலும் வானம் தெளிந்தும் இருக்கலாம். தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை அது. கண்ணை நம்ப முடியாததால்தான் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் எச்சரிக்கிறது. 2024 மே 6 அன்று உங்கள் மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்ததும் அத்தகைய எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான்.

மாவட்டம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் மூன்றையும் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். கீழே தனியாக எழுதினால் ஃபார்வர்டில் கழன்றுபோகும். குழுவைவிட ஸ்டேட்டஸ் மேல், 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். எச்சரிக்கை நீண்டால் புதிய நேரத்தோடு புதுப்படம் போடுங்கள்.