கேளுங்கள், சொல்கிறோம்: மசில்லோடருக்கு எந்தக் குண்டு?

அமெரிக்காவில் குடியேறிய பிள்ளைகள், அங்கே உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகும் தம்பிமார்கள் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. குழலின் வாய்வழியாகக் கருமருந்து போட்டு, அதன் மேல் குண்டை இறக்கிச் சுடும் மசில்லோடர் துப்பாக்கிதான் பேச்சு.

கேள்வி: கொலராடோவில் இருக்கும் என் மகன் 50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) மசில்லோடர் வாங்கியிருக்கிறான். செப்டம்பரில் வேட்டை. கடையில் 250 கிரெய்ன், 385 கிரெய்ன் என்று பல குண்டுகளைக் காட்டினார்களாம். கனமானதுதான் நல்லதா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

எடையைப் பிறகு பார்ப்போம். முதலில் குழலைப் பார்க்கச் சொல்லுங்கள். குழலின் உள்சுவரில் புரி வெட்டியிருப்பார்கள். அந்தப் புரி ஒரு முழுச் சுற்று வர எத்தனை அங்குலம் எடுக்கிறது என்பது குழல் மேலேயோ கையேட்டிலோ இருக்கும். 1:28 என்றால் 28 அங்குலத்தில் ஒரு சுற்று; குண்டு வேகமாகச் சுழலும். 1:66 என்றால் மெதுவான சுழற்சி. நீளமான குண்டு தடுமாறாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். கோலிக்குண்டு போன்ற உருண்டைக்கு மெதுவான சுழற்சியே போதும். அதை 1:28 குழலில் மருந்து நிறையப் போட்டுச் சுட்டால், சுற்றியிருக்கும் துணி புரியைப் பிடிக்காமல் வழுக்கிவிடும், குறி சிதறும். 1:48 இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

இன்றைய மசில்லோடர்கள் பெரும்பாலும் 1:28. அவற்றுக்காகக் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது ‘சேபோ’ என்ற பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்த 45 காலிபர் குண்டாக இருக்கும். நல்ல குண்டுதான், ஆனால் கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் சேபோ கூடாது. மாத்திரையாக வரும் மருந்தும் கூடாது, தூள் மருந்துதான். தொலைநோக்கிக் குறியும் கூடாது. எனவே உங்கள் மகனுக்கு மிஞ்சுவது, குழல் அளவுக்கே வார்த்த கூம்புவடிவ ஈயக் குண்டு.

இப்போது எடை. ஒரு கிரெய்ன் 0.065 கிராம். 250 கிரெய்ன் ஏறக்குறைய இரண்டு சவரன். 385 கிரெய்ன் மூன்று சவரனுக்குச் சற்று மேல். மானுக்கு மூன்று சவரன் எடை கட்டாயமில்லை. கனம் கூடினால் தோளில் உதை கூடும், தூரம் போகப்போகக் குண்டு அதிகமாகத் தாழும். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 கஜத்திலும் பிறகு 100 கஜத்திலும் மூன்று மூன்று குண்டாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வைத்துக்கொள்ளட்டும். மருந்து 70 கிரெய்னில் தொடங்கி, பத்துப் பத்தாக ஏற்றலாம். கையேட்டில் சொன்ன உச்சத்தைத் தாண்டவே கூடாது. மருந்துக்குச் சொல்லும் இந்தக் கிரெய்ன் கொள்ளளவுக் கணக்கு, தராசுக் கணக்கு அல்ல. ட்ரிபிள் செவன் என்ற மாற்று மருந்து வீரியம் கூடியது. கருமருந்தின் அதே வேகத்துக்கு 15 சதவீதம் குறைத்துப் போட வேண்டும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இதில் போட்டால் குழல் வெடிக்கும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் அழுத்தம் ஓரிடத்தில் ஏறிக் குழல் புடைக்கும், கிழியவும் செய்யும். கூம்புக் குண்டு சற்றுத் தளர்வாக இருந்தால், துப்பாக்கியின் வாய் கீழே பார்க்க நடந்துபோகையில் முன்னுக்கு நழுவிவிடும். மருந்தும் குண்டும் சரியாக இறங்கிய நிலையில், குண்டைத் தள்ளும் கம்பியில் குழல்வாய் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால், காட்டிலும் கம்பியை விட்டு ஒரு நொடியில் சரிபார்க்கலாம். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணி, பிறகு உலர்துணி விட்டுத் துடைக்காவிட்டால் கரி படிந்து, அடுத்த குண்டு பாதியிலேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கும் தம்பி, சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும் பழைய பாணித் துப்பாக்கி வைத்திருக்கிறான். டயர் பேலன்ஸ் ஈயத்தை உருக்கி உருண்டை வார்க்கலாமா என்கிறான்.
– வாசகி, லாஸ்பேட்டை

வேண்டாம். அந்த ஈயத்தில் ஆன்டிமனி என்ற தனிமம் கலந்திருக்கும், கெட்டி. உருண்டைக்குச் சுத்தமான மெத்து ஈயம்தான் வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். மெத்து ஈயம் மானின் உடலில் பட்டதும் விரிந்து, குறைந்த வேகத்திலும் அகலமான காயம் செய்யும். அதனால் மான் துடித்து ஓடி வீணாகச் சாகாது.

50 காலிபருக்கு வழக்கமான சேர்க்கை: 0.490 அங்குல உருண்டை, சுமார் 177 கிரெய்ன், 0.015 அங்குலக் கனமுள்ள நெருக்கமான பருத்தித் துணி, அதில் மசகு. சுட்ட பிறகு சில கஜம் தள்ளி விழும் துணியைப் பொறுக்கிப் பார்க்கட்டும். ஓரம் சிலும்பி, நடுவில் கறுப்பு வட்டத்தோடு முழுசாக இருந்தால் எல்லாம் சரி. பொசுங்கி ஓட்டையாக இருந்தால் மசகு போதவில்லை, அல்லது துணி மெல்லிசு. கோடுகோடாக வெட்டுப்பட்டிருந்தால் புரியின் விளிம்பு கூர்மை. புதுக் குழலில் இது சகஜம், சுடச்சுடத் தேயும். உருண்டை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், 100 கஜத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 75 கஜத்துக்குள் மான் பக்கவாட்டில் நின்றால், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சாங்கூட்டில் சுடட்டும். அதற்கு மேல் பொறுத்திருப்பதே முறை.

கேள்வி: கடலூர்ப் பக்கத்தில் ‘குண்டு கிராமங்கள்’ என்கிறார்களே, அதற்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், முதுநகர்

பீரங்கிக் குண்டு. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேச்சு. நாலா திசையிலும் சுட்டு எல்லை குறித்தார்கள். அதுவும் வாய்வழி மருந்திட்ட பீரங்கிதான்.

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் மான் வந்து மேய்கிறது. தாத்தாவின் எஸ்.பி.எம்.எல். (ஒற்றைக்குழல் மசில்லோடர்) துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறது. சுடலாமா?
– பெயர் வேண்டாம் என்கிறார் வாசகர்

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. மீறினால் சிறை. ஆயுத உரிமம் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, மானைச் சுடுவதற்கு அல்ல. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: மருமகன் சுட்டுக் கொண்டுவரும் மான்கறியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? ஈயம் இருக்காதா?
– வாசகி, வில்லியனூர்

கவலை நியாயமானது. ஈயக் குண்டு உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றிப் பரவும். 2008இல் வட டகோட்டாவில், தானமாக வந்த மான்கறியில் துகள்கள் தெரிந்ததும் அதை விநியோகிப்பதையே நிறுத்தினார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. மசில்லோடர் குண்டு வேகம் குறைந்தது என்பதால், நவீன ரைஃபிள் குண்டு அளவுக்குச் சிதறுவதில்லை. அதற்காக விட்டுவிட முடியாது. பிள்ளைகள் உடம்பில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை.

காயத்தைச் சுற்றிலும் கன்றிப்போன கறியைத் தாராளமாக வெட்டி எறியச் சொல்லுங்கள். கழுவினால் துகள் போகாது, பரவத்தான் செய்யும். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும் என்பதால், காயத்துக்கு அருகில் எடுத்த கறியை எலுமிச்சையிலோ தயிரிலோ ஊறவைக்க வேண்டாம். அடுத்த பருவத்துக்கு மருமகன் செம்புக் குண்டுக்கு மாறட்டும். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், ஆகையால் 1:28 குழல்தான் தோது. பெரும்பாலும் சேபோ உறையோடுதான் வரும்; அவர் இருக்கும் மாநிலத்தில் சேபோவுக்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும்.