சிம் போட்ட ரவுட்டருக்கு எந்த ஐபி? கேள்வி பதில்

4ஜி டாங்கிள் (கணினியில் செருகும் சிம் மோடம்), சிம் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் ஐபி முகவரி (வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) பற்றிக் கேட்டவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், தோப்பில் சிம் ரவுட்டர் வைத்து சிசிடிவி மாட்டியிருக்கிறேன். வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாச்சு, ஐபி மாறினாலும் மாறாத டைனமிக் டிஎன்எஸ் பெயரும் வாங்கியாச்சு. வீட்டிலிருந்து பார்த்தால் கேமரா வரவே இல்லை. எங்கே தப்பு?

உங்கள் மேல் தப்பில்லை. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் ஐபி என்று ஒன்று காட்டும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே இணைப்பில், நம் ஐபியைக் காட்டும் தளம் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். அநேகமாக இரண்டும் வேறாக இருக்கும். ரவுட்டர் காட்டுவது 10 என்று தொடங்கினாலோ, 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தாலோ, அது சிம் நிறுவனம் தன் வலைக்குள் புழங்க வைத்திருக்கும் முகவரி. வெளியுலகுக்கு அது தெரியாது.

தளம் காட்டுவது நிறுவனத்தின் நாட் (NAT) கருவியுடைய முகவரி. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியில் இணையத்துக்கு அனுப்பும் கருவி அது. அதே நேரத்தில் அதே முகவரியில் இன்னும் பல பேர் இருக்கிறார்கள். நீங்கள் போர்ட் திறந்தது உங்கள் ரவுட்டரில். வெளியிலிருந்து வரும் அழைப்போ அதற்கு முன்பே நாட் கருவியில் நின்றுவிடுகிறது. யாருக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாதே! டைனமிக் டிஎன்எஸ் பாவம், அந்தப் பொது முகவரியைத்தான் பதிவு செய்துவைத்திருக்கிறது.

பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். ஆளுக்கொன்று கொடுக்க வழியில்லை. அதனால்தான் 2012-இல் 100.64 வரிசையில் சுமார் 42 லட்சம் முகவரிகளை இந்த மாதிரி நாட் கருவிகளுக்கென்றே ஒதுக்கினார்கள்.

கேள்வி: அப்போ கேமராவைப் பார்க்க வழியே இல்லையா?

இருக்கிறது. உள்ளே வருவதுதான் தடை. வெளியே போவதற்குத் தடையில்லை. கேமரா தானாகத் தன் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொண்டு, நீங்கள் ஆப்பில் பார்க்கும் முறை இதனால்தான் வேலை செய்கிறது. அடுத்தவர் சர்வர் வேண்டாம் என்றால், பொது ஐபி உள்ள சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றை எடுத்து, ரவுட்டரிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் இணைப்பைப் போட்டு, அதன் வழியாகக் கேமராவைப் பாருங்கள். நான் சொல்வது இதைத்தான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பேச்சில்லாமல் கிடக்கும் இணைப்பை நாட் கருவி சீக்கிரம் மறந்துவிடும். தோப்பு ரவுட்டரின் வயர்கார்ட் அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) 25 வினாடி என்று வையுங்கள். "காலையில் வந்தது, மத்தியானம் வரவில்லை" என்ற புகார்களில் பாதி இதனால்தான் என்பேன்.

கேள்வி: அண்ணா, ஐபியை டவர்தான் கொடுக்கிறதா? பஸ்ஸில் போகும்போது டவர் மாற மாற ஐபியும் மாறுமா?

டவர் கொடுப்பதில்லை. மோடம் தன்னிடம் உள்ள ஏபிஎன் பெயரை (எந்த இணைய வாசல் வேண்டும் என்று குறிக்கும் பெயர்) சொல்லி இணைப்பு கேட்கும். ஜியோ என்றால் ஜியோநெட், பிஎஸ்என்எல் என்றால் பிஎஸ்என்எல்நெட். அந்தப் பெயருக்குரிய கேட்வே, அதாவது இணையத்துக்கான வாசல் கருவி, நிறுவனத்தின் மையத்தில் இருக்கும். முகவரி அங்கிருந்து வருகிறது. திருச்சியில் ஏறி மதுரையில் இறங்கினாலும், இணைப்பு அறுபடாதவரை அதே ஐபிதான். ஏர்பிளேன் மோடு போட்டு எடுத்தால் வேறு கிடைக்கலாம்.

நீங்கள் சேலத்தில் இருக்க, தளம் உங்களை மும்பை என்று காட்டுவதும் இதனால்தான். அது பெரும்பாலும் கேட்வே இருக்கும் ஊரைச் சொல்கிறது.

கேள்வி: லினக்ஸில் டாங்கிள் போட்டால் எதிர்முனை 10.64.64.64 என்று வருகிறது. வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் நண்பனுக்கும் அதே எண். எப்படி?

நல்ல கண் உங்களுக்கு. அது எந்த நிறுவனத்தின் முகவரியும் இல்லை. எதிர்முனை தன் முகவரியைச் சொல்லாதபோது, பிபிபி (இரு முனைகளை நேரடியாக இணைக்கும் முறை) மென்பொருள் தானாகப் போட்டுக்கொள்ளும் எண் அது. இரண்டாவது டாங்கிள் செருகினால் அதற்கு 10.64.64.65 வரும். இரு முனை மட்டுமே உள்ள இணைப்பில், அனுப்பியது எதிர்ப்பக்கம்தான் போயாக வேண்டும். அதனால் எண் பொய்யாக இருந்தாலும் வேலை நடக்கிறது.

கேள்வி: என் டாங்கிளில் கணினிக்கு 192.168.8.100 என்று வருகிறது, 10-இல் எதுவும் இல்லையே?

டாங்கிளே ஒரு குட்டி ரவுட்டர். 192.168.8.1 என்று திறந்தால், பல ஹுவாவே டாங்கிள்களில் அதன் பக்கம் வரும். நிறுவனம் தந்த ஐபி அங்கே தெரியும். இதை இன்னொரு ரவுட்டரில் செருகினால், இரண்டும் ஒரே வரிசையில் (இரண்டுமே 192.168.8 என்று) இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போனில் ஐபி 192.0.0.4 என்று காட்டுகிறது. இது என்ன புதுசு?

உங்கள் நிறுவனம் போனுக்குப் புதிய முகவரி முறையான ஐபிவி6 மட்டும் கொடுத்திருக்கிறது. பழைய ஐபிவி4 ஆப்கள் திணறாமல் இருக்க, போன் தனக்குள்ளேயே இந்த எண்ணை வைத்து, போகிறதையெல்லாம் ஐபிவி6-ஆக மாற்றி அனுப்புகிறது. எத்தனையோ போன்களில் இதே எண்தான் இருக்கும். ஐபிவி6 நிஜமான பொது முகவரி என்பதால், கேமராவுக்கு அதையே வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நிறுவனத்தின் ஃபயர்வால் உள்ளே விட வேண்டும், பார்க்கும் இடத்திலும் ஐபிவி6 வேண்டும், மறு இணைப்பில் முகவரி மாறலாம். சோதித்துப் பாருங்கள், நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி: காசு கொடுத்தால் நிலையான ஐபி தருவார்களா?

தொழில் நிறுவனங்களுக்குத் தருகிறார்கள். அதற்கென்று தனி ஏபிஎன் வரும், ரவுட்டரில் அதை மாற்ற வேண்டும். வாங்குமுன் பொது ஐபியா, தனி வலைக்குள் மட்டும் நிலையானதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் 'ஸ்டாட்டிக்' என்றுதான் விற்பார்கள். ஒரே ஒரு கேமராவுக்கு இது வேண்டாத செலவு.