'பார்த்துவிட்டேன்' என்று சொன்ன பிறகு: விமான இடைவெளி பற்றி வாசகர் கேள்விகள்

ஓடுபாதைக்கு ரேடியோ அலைகளால் வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவியைப் பின்பற்றி இறங்கும் விமானத்துக்கும் பார்வை இடைவெளி (விமானங்களைக் கண்ணால் பார்த்தே இடையே தூரம் காக்கும் முறை) பொருந்துமா?

பொருந்தும். இறங்கும் முறை வேறு, இடைவெளி காக்கும் முறை வேறு. முன்னே செல்லும் விமானம் கண்ணில் படுகிறது என்று விமானி அறிவித்தால், அதைப் பார்த்தபடி இடைவெளி காக்கும்படி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்கலாம். அதுவரை ரேடார் இடைவெளி இருந்தாக வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய வானில் அது பொதுவாக 3 கடல்மைல், இல்லாவிட்டால் 1,000 அடி உயர வேறுபாடு. அமெரிக்க விதிப்படி, பார்வை இடைவெளி முடிந்த பிறகும் வேறொரு இடைவெளி உறுதியாக இருக்க வேண்டும். இடையில் மேகம் வரும் என்று தெரிந்தால் இந்த முறையைத் தொடவே கூடாது என்பேன்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் இரண்டு விமானங்களையும் பார்த்தால் போதாதா?

தொடர்ந்து பார்க்க முடிந்தால் போதும். ஆனால் முன்னே செல்லும் விமானம் கிளப்பும் சுழல்காற்றுக்காகத் தனி இடைவெளி தேவைப்படும்போது, கண்ணால் பார்த்து இடைவெளி காக்கும் உரிமையை அமெரிக்க விதி கோபுரத்துக்குத் தருவதில்லை.

'பார்த்துவிட்டேன்' என்று விமானி சொன்னபின் பொறுப்பு யாருடையது?

பார்வை இடைவெளியை ஏற்றுக்கொண்டால் விமானியுடையது. சுழல்காற்றிலிருந்து தப்புவதும் அவர் பொறுப்புதான். அந்தச் சுழல் கீழ்நோக்கி இறங்கும். அதனால் முன்விமானத்தின் பாதைக்குக் கீழே போகாமல், அது தரைதொட்ட இடத்தைத் தாண்டி இறங்க வேண்டும்.

பலரும் மறந்துவிடும் கடமை இன்னொன்று உண்டு: பார்வையிலிருந்து தவறிய நொடியே சொல்லிவிட வேண்டும். 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியாகோவில் இறங்க வந்த போயிங் 727, சிறிய செஸ்னா விமானத்தின் மீது மோதியது. பெரிய விமானத்தின் குழு செஸ்னாவைத் தவறவிட்டிருந்தது. கடந்துபோயிருக்கும் என்று எண்ணிக்கொண்டதே தவிர, காணவில்லை என்று கட்டுப்பாட்டாளரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. இறந்தவர்கள் 144 பேர். 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில், பார்வை இடைவெளியைத் தானே கேட்டுப் பெற்ற ராணுவ ஹெலிகாப்டர், தரையிறங்க வந்த பயணிகள் விமானத்துடன் மோதி 67 பேர் இறந்தனர். இரவில் தெரிவது விளக்குதான். நகர வெளிச்சத்துக்கு நடுவே அது எந்த விமானத்தின் விளக்கு என்று அடித்துச் சொல்வது கடினம்.

விமானங்கள் மோதாமல் எச்சரிக்கும் டிகாஸ் கருவியின் திரையில் தெரிந்தால் பார்த்ததாகக் கொள்ளலாமா?

கூடாது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று திரை காட்டும், அவ்வளவுதான். ஜன்னல் வழியே கண்டால்தான் கண்டதாகக் கணக்கு.

விமானி மறுத்துவிட்டால்?

மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. கட்டுப்பாட்டாளர் ரேடார் இடைவெளியையே தொடர்வார், வரிசையில் தாமதமாகலாம். சந்தேகம் இருந்தால் அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் இளம் விமானிகளிடம் வற்புறுத்துகிறேன்.