குழந்தையைக் காணோம் என்று அழைப்பு வந்தால்: கேள்வி பதில்

அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பவர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. காணாமல் போன குழந்தைகள் தொடர்பான அழைப்புகள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: பயிற்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். தாய் கதறுகிறார், ஒரு வார்த்தையும் புரியவில்லை என்றால் முதலில் என்ன கேட்பது?

பதில்: இடம். அடுத்து, அவர் பேசும் எண். லைன் அறுந்துபோனாலும் இந்த இரண்டும் கையில் இருந்தால் ஆள் அனுப்பிவிடலாம். திரையில் தெரியும் கைபேசி இருப்பிடத்தை மட்டும் நம்பி முகவரி கேட்காமல் விடாதீர்கள். அது சில சமயம் பல தெரு தள்ளிக் காட்டும்.

"பதறாதீங்க" என்றால் அழுகை கூடத்தான் செய்யும். காரணத்தோடு சேர்த்து ஒரு வேலை கொடுங்கள்: "அம்மா, ஆள் அனுப்பணும், அதுக்கு விலாசம் வேணும். விலாசம் சொல்லுங்க." அவர் வேறு எதையோ சொன்னாலும் அதே வார்த்தைகளை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். வாக்கியத்தை மாற்றினால் அது புதுக் கேள்வியாகக் காதில் விழும். மாற்றாமல் சொன்னால் மூன்றாம், நான்காம் முறையில் பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

பிறகு வயது, உடை, உடல்நிலை, மருந்து. அடுத்து நேரம். பலர் சறுக்கும் இடம் இதுதான். "எப்ப காணாம போச்சு?" என்று கேட்டால் "அஞ்சு மணிக்கு" என்பார்கள். அது அவர்கள் தேடத் தொடங்கிய நேரம். கண்ணால் பார்த்தது நாலு மணிக்கு. எனவே இரண்டாகக் கேளுங்கள்: "கடைசியா யார் பார்த்தாங்க, அப்ப மணி என்ன?" "இல்லைன்னு எப்ப தெரிஞ்சது?" நடுவே விட்டுப்போன அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் எவ்வளவு தூரம் தேடுவது என்று முடிவாகும். கடைசியாகப் பார்த்தது பாட்டி என்றால் போனைப் பாட்டியிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 24 மணி நேரம் கழித்துத்தானே புகார் எடுக்க வேண்டும்?

பதில்: இல்லை. அமெரிக்காவில் காத்திருப்பு விதியே வைக்கக் கூடாது என்று 1990-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளின் வழக்குகளை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஆராய்ந்து 2006-ல் அறிக்கை வெளியிட்டது. அந்த வழக்குகளில் 76 சதவீதத்தில் குழந்தை மூன்று மணி நேரத்துக்குள் உயிரிழந்திருந்தது. இப்படிப்பட்ட வழக்குகள் மிக அரிது. ஆனால் எந்த அழைப்பு அப்படிப்பட்டது என்று போனை எடுத்தவுடன் யாராலும் சொல்ல முடியாது. "கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கூப்பிடுங்க" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

கேள்வி: பல வருடம் கன்ட்ரோல் ரூமில் இருந்தவன் நான். முதலில் வீட்டை முழுசாகத் தேடிவிட்டுக் கூப்பிடச் சொல்வதில் என்ன தப்பு? நிறையப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பதில்: வீட்டைத் தேட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. துணிக்குவியல், அலமாரி, துணி துவைக்கும் இயந்திரம், பழைய குளிர்சாதனப் பெட்டி, காரின் டிக்கி, தண்ணீர்த் தொட்டி என்று பெயர் சொல்லிச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். "வீடு முழுக்கப் பார்த்துட்டோம்" என்பவர்கள் காரின் டிக்கியைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் லைனை வைக்கச் சொல்லாதீர்கள். ஆள் கிளம்பட்டும், தேடலும் நடக்கட்டும், நீங்கள் லைனிலேயே இருங்கள்.

கேள்வி (அவரே): இருக்கிற வண்டியை எல்லாம் இதற்கே அனுப்பினால் விபத்துக்கு யார் போவது?

பதில்: எத்தனை வண்டி, எது முதலில் என்பது டிஸ்பாட்சில், அதாவது வண்டிகளை அனுப்பும் பிரிவில், இருப்பவரின் முடிவு. அழைப்பை எடுப்பவர் தகவலைத் தாமதிக்காமல் கொடுத்தால்தான் அவரால் சரியாக முடிவெடுக்க முடியும். கட்டிலுக்கு அடியில் குழந்தை கிடைத்தால் வண்டியைத் திருப்பிவிடலாம், ஐந்து நிமிடம் வீண். கிடைக்காமல் போனால் அரை மணி நேரத் தேடலையே இழந்திருப்போம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கேள்வி (இன்னொருவர்): அவர் சொல்வதுதான் நடைமுறை. அனுபவசாலிக்குக் குரலைக் கேட்டாலே தெரியும்.

பதில்: தெரியாது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அமைதியாகப் பேசும் தகப்பன் பொய் சொல்கிறார் என்றும், கத்துகிறவர் மிகைப்படுத்துகிறார் என்றும் குரலை வைத்து முடிவுகட்டியதால் கேள்விகள் கேட்கப்படாமல் போனதைப் பழைய அழைப்புகளின் ஒலிப்பதிவுகளில் கவனித்திருக்கிறேன். அதிர்ச்சியில் மனிதர்கள் சொற்களே இல்லாமலும் பேசுவார்கள், மளிகைப் பட்டியல் வாசிப்பது போலவும் பேசுவார்கள். அனுபவம் வேகத்துக்கு உதவும். கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்திருக்கும் கேள்வி அட்டையில் உள்ள எதையும் தாண்டிப் போக அது அனுமதிச் சீட்டு ஆகாது.

கேள்வி: ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் தனியாக என்ன கேட்க வேண்டும்?

பதில்: அருகில் தண்ணீர் இருக்கிறதா? குளம், கால்வாய், நீச்சல்குளம், கிணறு எதுவானாலும் முதல் ஆள் அங்கேதான் போக வேண்டும். வெளியே நடந்துவிடும் இக்குழந்தைகளின் இறப்புகளில் நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணம். பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஈர்ப்பு உண்டு.

அடுத்து: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புமா? பேசுமா? சைரன், நாய், தொடுதல் எதற்குப் பயப்படும்? முன்பு எங்கே போய் நின்றது? எதைப் பார்த்தால் ஓடும், ரயிலா, லிஃப்டா? பெற்றோருக்கு இதெல்லாம் அத்துப்படி. கேட்டால்தான் சொல்வார்கள். சைரனைக் கேட்டு ஒளிந்துகொள்ளும் குழந்தை என்றால், அந்தத் தகவல் வண்டி தெருவுக்குள் நுழையும் முன் ஓட்டுநருக்குப் போயிருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேனே, உண்மையா?

பதில்: மேலே இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கலாமா, எது நல்லது?

பதில்: அது என் துறை இல்லை.

கேள்வி: பதினைந்து வயதுப் பெண், ஏற்கெனவே இரண்டு முறை ஓடிப்போனவள். மறுபடியும் அதே அவசரமா?

பதில்: அதே அவசரம். "ஓடிப்போனவள்" என்று பதிவில் எழுதிவிட்டால் அதன்பின் யாரும் தேடி ஓட மாட்டார்கள். அடிக்கடி வீட்டை விட்டு வெளியேறும் பிள்ளைகளைத்தான் ஆள்கடத்துபவர்கள் குறிவைக்கிறார்கள். யாரோடு பேசிக்கொண்டிருந்தாள், போன் கையில் இருக்கிறதா, பணம், மருந்து எடுத்துப் போனாளா என்று கேளுங்கள். வீட்டில் யாரையாவது கண்டு பயந்தாளா என்பதையும் கேளுங்கள், அது சங்கடமான கேள்விதான்.

கேள்வி: பிரிந்து வாழும் தந்தை கூட்டிப் போய்விட்டார் என்றால் அது சிவில் விவகாரம்தானே?

பதில்: லைனில் அதைத் தீர்மானிக்க நாம் நீதிபதி இல்லை. நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா, மிரட்டல் உண்டா, வண்டியின் நிறம், எண், போன திசை. இவற்றை வாங்கி அனுப்புங்கள்.

கேள்வி: 24 மணி நேர விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுமா?

பதில்: காத்திருக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: ஆள் வரும் வரை வீட்டாரிடம் என்ன சொல்லி வைப்பது?

பதில்: குழந்தையின் படுக்கை, சீப்பு, பல்துலக்கி, கழற்றிப் போட்ட துணி எதையும் தொட வேண்டாம், துவைக்க வேண்டாம். மோப்ப நாய்க்கும் மரபணுச் சோதனைக்கும் அவை வேண்டும். பதற்றத்தில் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் உண்டு. ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், குழந்தை தானாகத் திரும்பி வரலாம். சமீபத்திய படம் ஒன்றை எடுத்து வைக்கட்டும்.

கேள்வி: "கிடைச்சுட்டான், வேண்டாம்" என்று வீட்டிலிருந்து திரும்ப அழைத்தால் பதிவை மூடிவிடலாமா?

பதில்: மூடாதீர்கள். கிளம்பிய ஆள் போய்க் குழந்தையை நேரில் பார்க்கட்டும். எங்கே இருந்தான், யாரோடு இருந்தான், அடிபட்டிருக்கிறதா, திரும்பி வரப் பயந்தானா என்று தனியாகக் கேட்கட்டும். அவர் வயர்லெஸில் "பார்த்துவிட்டேன், நலம்" என்று சொன்ன நேரத்தைக் குறித்துவிட்டு மூடுங்கள்.