அப்பா போட்ட கையெழுத்து

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் ஊர். 20 வயது மகளுக்கு முழங்கால் முட்டுச்சிரட்டை அடிக்கடி விலகும். தனியார் மருத்துவமனையில் தசைநார் மட்டும் வைத்துக் கட்டினார்கள். ஏழே மாதத்தில் மறுபடி விலகிவிட்டது. திருவனந்தபுரத்தில் காட்டினால், "சிரட்டை மேலே ஏறி நிற்கிறது, எலும்பை வெட்டிக் கீழே இறக்கியிருக்க வேண்டும்" என்கிறார்கள். முதல் டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வந்த வரனும் தட்டிப்போனது. ஒப்புதல் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். வழக்குப் போடலாமா?

பதில்: டாக்டரின் பேச்சும் தட்டிப்போன வரனும் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது. எலும்பை இறக்காததும் தனியாக நிற்காது. நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரேயில் சிரட்டையின் உயர விகிதம் 1.4. அது 1.2-ஐத் தாண்டினாலே ஏறிய சிரட்டைதான். ஆனாலும் தசைநார் மட்டும் போதும் என்னும் நிபுணர்களும் உண்டு. ஏற்கப்பட்ட இரு வழிகளில் ஒன்றை எடுத்ததைக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு அப்படி.

உங்கள் கையெழுத்துதான் வழக்கே. விவரம் தெரிந்த 20 வயதுப் பெண்ணுக்கு அப்பா சம்மதம் கொடுக்க முடியாது. சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் கிடந்தவருக்காகத் தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்றுச் சிகிச்சை இருப்பதையும் நோயாளியிடமே சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். மகள் படும் பாடு தாங்காமல் முதலில் மறு ஆபரேஷனை முடித்துவிட்டு, அப்புறம் ஃபைலோடு வருகிறார்கள். எலும்பை இறக்கித் திருகாணி போட்டபின் பழைய நிலையைப் புதிதாகப் படமெடுக்க வழியில்லை. எலும்பு கூடாமல் போனால் பழியை ஒருவர்மேல் ஒருவர் போடுவார்கள். அதனால் கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம் மூன்றையும் முதல் மருத்துவமனையில் இப்போதே எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். புதிய எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்து, திருவனந்தபுரம் டாக்டரின் கருத்தை எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் சாட்சி ஆகாது. அங்கே ரிவ்யூவுக்குப் போகும்போது "இதில் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு" என்று எதை நீட்டினாலும் மகள் போடவே கூடாது. இரண்டு வருடக் கெடுவை ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணுங்கள்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? சமீரா கோலிக்குக் கிடைத்தது கட்டணத் தள்ளுபடியும் 25,000 ரூபாயும்தான். முதல் பில் தொகையோடு மறு ஆபரேஷன் செலவையும் அந்த மருத்துவமனை தர முன்வந்தால், வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். நோட்டீசிலும் சமாதானப் பத்திரத்திலும் மகளே கையெழுத்துப் போடட்டும், நீங்கள் வேண்டாம்.