மகள் நானோ துகளோடு நிற்கிறாள் என்று கவலைப்படும் அக்காவுக்கு

அக்கா, உங்கள் குரல் செய்தியை இரண்டு தரம் கேட்டேன். மகள் இரசாயனவியல் சிறப்புப் பட்டம், நாலாம் வருடம். ஆய்வுக்குத் தங்க நானோ துகளை வைத்துப் பாலிலும் கிணற்றுத் தண்ணீரிலும் அமினோ அமிலம் கண்டுபிடிக்கிற தலைப்பை எடுத்துவிட்டாள். பக்கத்து ஃபிளாட் பிள்ளையோ சீமா (CIMA) என்ற கணக்கியல் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறது. "இதைப் படிச்சு இந்த நாட்டில என்ன செய்யப்போறாள்?" என்று கேட்டிருந்தீர்கள்.

அவள் என்ன செய்கிறாள் என்பதை முதலில் சொல்கிறேன், அது பிடிபட்டாலே பாதிப் பயம் போய்விடும். கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடைகளில் நாம் பார்க்கிற தங்கம் மஞ்சள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீற்றர். தங்கத்தை அந்தக் கணக்கில் 13, 15 நானோமீற்றர்த் துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மாதுளம்பழச் சாறு மாதிரிச் சிவந்துவிடும். ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் பரடே 1857 இலேயே இந்தச் சிவப்பைப் பற்றி எழுதிவிட்டார், கொதிக்கிற பொன் உப்புக் கரைசலில் சித்திரேற்றை (எலுமிச்சையில் இருக்கிற அமிலத்தின் உப்பு) போட்டுச் செய்கிற முறை 1951 இல் வந்தது, ஆகவே "புதுசா என்னவோ" என்று பயப்பட ஒன்றுமில்லை. துகள்கள் தனித்தனியாக இருக்கும்வரைதான் சிவப்பு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஊதா, பிறகு நீலம். புரதம் கட்டுகிற இருபது அமினோ அமிலங்களில் சிஸ்டீனுக்கு மட்டும் கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த ஒரு முனை உண்டு. அது தங்கத்தைக் கண்டால் விடாது, மறுமுனை பக்கத்துத் துகளோடு கைகோர்க்கும், கரைசல் கண்முன்னே நிறம் மாறும். பார்க்க அழகான விஷயம், பிள்ளை மயங்கினதில் பிழையில்லை.

ஆனால் அந்த நிறம் பொய்யும் சொல்லும். நான் இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தேன். ஒருநாள் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை விட்டதும் கரைசல் பளிச்சென்று நீலமானது, நான் சந்தோஷத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், அப்புறம் பார்த்தால் எல்லாம் வெறும் உப்பின் வேலை! துகள்களை விலக்கிவைக்கிற மின்னேற்றத்தை உப்பு மறைத்துவிடும், சிஸ்டீன் ஒரு துளி இல்லாவிட்டாலும் அவை ஒட்டிக்கொள்ளும். பாலில் இதற்கு நேர்மாறு: புரதங்கள் துகளைப் போர்த்திவிடும், சிஸ்டீன் இருந்தும் நிறம் மாறாமல் இருக்கலாம். அதனால் முதலில் புரதத்தை நீக்க வேண்டும், பிறகு தெரிந்த அளவு சிஸ்டீனைச் சேர்த்து அதே அளவு அளவீட்டில் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும், சிஸ்டீன் சேர்க்காத மாதிரியையும் கூடவே ஓட்ட வேண்டும். இந்தச் சலிப்பான பகுதிக்குத்தான் அக்கா சம்பளம் கொடுக்கிறார்கள்.

வேலைக்கு வருவோம். "நானோ துகள் செய்ய ஆள் தேவை" என்று ஞாயிறு பேப்பரில் விளம்பரம் வராது, அதை மறைக்க மாட்டேன். ஹோமாகமையில் ஸ்லின்டெக் என்ற இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, 2008 இல் தொடங்கியது, அதற்கு முயற்சி செய்யட்டும், ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. உணவிலும் தண்ணீரிலும் என்ன இருக்கிறது என்று அளக்கிற இடங்கள் அதைவிடப் பல: நீர் வழங்கல் சபை, பொருட்களின் தரம் பார்க்கிற கட்டளைகள் நிறுவனம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், தனியார் பரிசோதனைக் கூடங்கள், மருந்துக் கம்பனிகள். ஏற்றுமதி மீனில் ஹிஸ்டமின் பார்ப்பார்கள். அது ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, மீன் சரியாகக் குளிரில் இல்லாதபோது பக்டீரியா உண்டாக்குவது. நம் தேயிலையிலேயே தியனின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. இங்கெல்லாம் நேர்முகத்தில் கேட்பது "எச்.பி.எல்.சி. நீயே ஓட்டியிருக்கிறாயா, ஐ.எஸ்.ஓ. 17025 தெரியுமா" என்றுதான். முதலாவது கரைசலில் கலந்திருப்பவற்றைப் பிரித்து அளக்கிற கருவி, இரண்டாவது பரிசோதனைக் கூடங்களுக்கான சர்வதேசத் தர விதி.

ஆகவே தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். மேற்பார்வை செய்கிற ஆசிரியரிடம் மகள் இப்போதே ஒன்று கேட்கட்டும்: அதே பால், அதே தண்ணீர் மாதிரிகளை எச்.பி.எல்.சி.யிலும் ஓட்டி இரண்டு முடிவையும் ஒப்பிட இடம் தருவார்களா? தங்கள் துறையில் கருவி ஓய்வில்லை என்றால் வேறு கூடத்தில் நேரம் கேட்கலாம். தந்தால் அவளுடைய சுயவிபரத்தில் "நானோ" என்ற வார்த்தையைவிட அந்த ஒரு வரி கனமாக இருக்கும், பின்னால் வெளிநாட்டில் உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு எழுதினாலும் அதுதான் பேசும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் பயப்படுவது நியாயம். இந்த வேலைக்குக் கண்ணாடிச் சாமான்களை அரசநீரில், அதாவது ஐதரோக்குளோரிக் அமிலமும் நைத்திரிக் அமிலமும் கலந்ததில் கழுவுவார்கள். புகைபோக்கிக் கூண்டுக்குள்தான் செய்கிறாளா, பாதுகாப்பு மூக்குக் கண்ணாடியும் கையுறையும் போடுகிறாளா என்று தாயாகக் கேளுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

தம்பிக்காரனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் போதாமல் போனால் ராஜகிரியவில் இரசாயன நிறுவகம் நடத்துகிற நாலு வருடப் படிப்பு இருக்கிறது, முடிவு வந்ததும் பேசுவோம்.

இன்றைக்கு இரவு மகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உன் சிவப்புக் கரைசலுக்குள் வெறும் உப்பைப் போட்டால் என்ன நிறம் வரும்?" உடனே பதில் சொன்னால் சீமா கதையை அதோடு விடுங்கள். முழித்தால், சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.