மாப்பிள்ளையின் வசிய மந்திரத்தை என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டில் கூடி ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பகடை விளையாட்டை ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிப்புத்தகம். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையையும் அதில் எதிர்ப்படும் ஆட்களையும் நடத்துகிறவர். என் தங்கையின் கணவர் பார்டு (மந்திரம் தெரிந்த பாட்டுக்காரர்) பாத்திரம் ஆடுகிறார், இப்போது ஏழாம் லெவல். நான் எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், சொன்னதைச் செய்ய வைக்கும் ‘சஜெஷன்’ என்ற வசிய மந்திரத்தைப் போட்டு ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். கோட்டைக் காவலன் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அமைச்சர் கருவூலச் சாவியைக் கொடுத்துவிட்டார். பல வாரங்களாக நான் வளர்த்த கொள்ளைக் கூட்டத் தலைவன் ‘நாட்டைவிட்டுப் போய்விடு’ என்றதும் போய்விட்டான். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் இன்னும் மோசம். என் தங்கையின் பாத்திரத்தின் மீதே மந்திரத்தைப் போட்டு, அவளுக்குக் கிடைத்த மந்திர வாளைத் தன்னிடம் கொடுக்க வைத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள், ஆனால் அதன் பிறகு அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை என்பதால் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல முடியவில்லை. இந்த மந்திரத்தைத் தடை செய்துவிடலாமா?

– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்த வாள். அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன்பே அது உங்கள் தங்கையிடம் திரும்பிப் போக வேண்டும். அதற்குக் கதைக்குள் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். “போன வாரம் வாள் கைமாறியது செல்லாது” என்று கேம் மாஸ்டராக ஒரு வரி சொன்னால் போதும்.

காவலன், அமைச்சர், கொள்ளைக்காரன் எல்லாரும் உங்கள் ஆட்கள். அவர்களில் ஒருவனை யார் மயக்கினாலும் நீங்கள் ஆடுவதற்கு ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. உங்கள் தங்கைக்கு அந்த மேஜையில் இருப்பது ஒரே ஒரு பாத்திரம். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று முடிவெடுப்பதுதான் அவள் ஆடும் ஆட்டமே. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் எதற்கு வந்து உட்கார வேண்டும்? ‘விதியில் தடை இல்லையே’ என்று மாப்பிள்ளை கேட்கலாம். தடை இல்லைதான். காதால் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய எந்த உயிர் மீதும் சஜெஷனைப் போடலாம் என்றுதான் புத்தகம் சொல்கிறது, சொந்தக் கூட்டாளிக்கு விலக்கு கிடையாது. ஆகவே இதை மேஜையில் இருக்கும் ஐந்து பேரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கதை தொடங்கும் முன் ‘செஷன் ஜீரோ’ என்று ஒரு நாள் உட்கார்ந்து இப்படிப்பட்டவற்றைப் பேசிவைப்பது பல குழுக்களின் வழக்கம். நீங்கள் அதைச் செய்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நடுவில் செய்தாலும் குற்றமில்லை.

நான் சொல்லும் ஏற்பாடு இது: ஒருவர் இன்னொருவரின் பாத்திரத்தின் மீது வசியம் போட்டால் பகடையே உருட்ட வேண்டாம். மந்திரம் பலித்ததா இல்லையா என்பதை அந்தப் பாத்திரத்தை ஆடுபவரே சொல்லட்டும். மயங்கி உளறுவதை ரசித்து ஆடுகிறவர்களும் உண்டு, அவர்கள் தாராளமாகப் ‘பலித்தது’ என்பார்கள். பேசத் தயங்குகிறவர்களுக்காக ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய ‘எக்ஸ் கார்டு’ முறை இருக்கிறது. எக்ஸ் எழுதிய அட்டை ஒன்று மேஜை நடுவில் கிடக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி அங்கேயே நின்றுவிடும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. சிரித்துக்கொண்டே வாளைக் கொடுத்த உங்கள் தங்கைக்கு அப்படி ஓர் அட்டை உதவியிருக்கும்.

இனி தடைக்கு வருவோம். வேண்டாம். இந்தப் புகாருக்கு இந்த விளையாட்டின் வயதே ஆகிறது. 1974இல் வந்த முதல் பதிப்பில் ‘சார்ம் பர்சன்’ என்ற இன்னொரு வசிய மந்திரம் ஒருமுறை பலித்துவிட்டால், வேறு மந்திரத்தால் அதை முறிக்கும்வரை ஆள் அடிமைதான். 1978இல் வந்த விதிப்புத்தகத்தில் அதை அறிவோடு முடிச்சுப் போட்டார்கள். மந்த புத்திக்காரன் மாதக் கணக்கில் மயங்கிக் கிடப்பான், கூர்மையானவனுக்கு ஓரிரு நாளில் மீண்டும் ஒரு வாய்ப்பு வரும். உங்கள் 2014 புத்தகத்தில் அதே மந்திரம் ஒரு மணி நேரத்துக்குத்தான். 2024 திருத்தத்தில் சஜெஷனுக்கு 25 சொற்கள் என்று உச்சவரம்பே போட்டுவிட்டார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக அவர்கள் வெட்டித் தள்ளியது போக மிஞ்சியிருப்பதுதான் உங்கள் மாப்பிள்ளையிடம் இருக்கிறது. அதற்கு மேல் பலம் எங்கிருந்து வந்தது என்றால், நீங்கள் சும்மா கொடுத்ததுதான்.

கோட்டை வாசலையே எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை “சஜெஷன் போடுகிறேன், காவலன் கதவைத் திறக்கட்டும்” என்று சொல்லியிருப்பார், நீங்கள் பகடையை எடுத்திருப்பீர்கள். எடுக்காதீர்கள். “என்ன சொல்கிறீர்கள் மாப்பிள்ளை? வார்த்தையைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். ஓரிரு வாக்கியம், அதுவும் கேட்பவனுக்கு நியாயமாகத் தோன்றும்படி அமைய வேண்டும் என்பது விதி. ‘கதவைத் திற’ என்பது வெறும் கட்டளை. “உன் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதாம், கதவை எங்களிடம் விட்டுவிட்டு ஓடு” என்றால் அது சஜெஷன். அவர் அப்படி அழகாகச் சொன்னால் மனதாரப் பலிக்க விடுங்கள். நியாயம் என்பதை நீதிமன்ற அளவுக்கு இறுக்க வேண்டாம். எதிர்ப்படும் முதல் பிச்சைக்காரருக்குத் தன் போர்க்குதிரையைக் கொடுத்துவிடும்படி ஒரு வீராங்கனையிடம் சொல்வதைத்தான் புத்தகமே உதாரணமாகத் தருகிறது.

வார்த்தை கிடைத்த பிறகு தூரம் பாருங்கள், 30 அடிக்குள் இருக்க வேண்டும். பிறகு மொழி. காவலனுக்குப் பொதுமொழி தெரியும், குகையில் இருக்கும் மிருகத்துக்குத் தெரியாது. அதன் பிறகுதான் பலரும் கோட்டைவிடும் இடம் வருகிறது. மந்திரத்துக்கென்று ஓர் உச்சாடனம் உண்டு, குறிப்பிட்ட சுருதியில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மனதுக்குள் முணுமுணுக்கும் வித்தை சோர்சரர் என்ற மந்திரவாதி வகைக்கு உண்டு, பார்டுக்கு இல்லை. மந்திரத்துக்கு வேண்டிய பாம்பின் நாக்குக்கும் தேனடைத் துண்டுக்கும் பதிலாக அவர் தன் இசைக்கருவியைப் பிடித்துக்கொள்ளலாம். வாயை மூடிக்கொள்ள மட்டும் முடியாது. வாசலில் இரண்டு காவலர்கள் நின்றால், மந்திரம் பிடிப்பது ஒருவனை. மற்றவன், வந்த பாட்டுக்காரர் ஏதோ ஓதியதையும் தன் கூட்டாளி அந்தக் கணமே வீட்டுக்கு ஓடியதையும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் என்ன செய்வான்? அந்தக் கேள்வியை மற்ற மூன்று பேரிடம் விடுங்கள். ஒருவர் அவனைப் பேச்சில் மடக்க வேண்டும், ஒருவர் பின்னால் போய் நிற்க வேண்டும், உங்கள் தங்கை கதவுக்கும் அவனுக்கும் நடுவே வர வேண்டும். கைப்பேசிகள் தாமாகக் கீழே போகும்.

பகடைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஏழாம் லெவல் பார்டுக்குக் கரிஸ்மா (வசீகரம்) 20 இருந்தால், தப்பிக்க எதிரி இருபது முகப் பகடையில் எட்ட வேண்டிய எண் 16: அடிப்படை 8, லெவலுக்கு 3, கரிஸ்மாவுக்கு 5. சாதாரணக் காவலனுக்குக் கூட்டிக்கொள்ள எதுவும் கிடையாது. ஆக, தப்பிக்க அவனுக்கு 25 சதவீத வாய்ப்பு. பிரபுவுக்கு 35, பூசாரிக்கு 40. காவலன்கள் விழத்தான் செய்வார்கள், விழட்டும். கருவூலச் சாவி வைத்திருக்கும் அமைச்சர் தனியாகவா உட்கார்ந்திருந்தார்? மந்திரவாதிகள் நடமாடும் நாட்டில் அரண்மனைக்காரர்கள் அவ்வளவு ஏமாளிகளாக இருக்க முடியாது. சபைக்கு வருகிறவரின் இசைக்கருவியை வாசலிலேயே வாங்கி வைப்பார்கள். மந்திரத்தை முறிக்கும் ‘டிஸ்பெல் மேஜிக்’ தெரிந்த ஒருவர் அமைச்சருக்குப் பின்னால் நிற்பார். சாவி ஒருவரிடமும் பூட்டின் இரகசியம் இன்னொருவரிடமும் இருக்கும்.

ஆனால் எல்லாருக்கும் வசியம் பிடிக்காத உடம்பு என்று மாற்றிவிடாதீர்கள். ஆத்திரத்தில் இருக்கும் கேம் மாஸ்டர்கள் முதலில் செய்வது அதைத்தான். அடுத்த வாரம் வரும் கொள்ளைக்காரன் கையிலும் திடீரென்று ஒரு மோதிரம், அதற்கடுத்த வாரம் எதிரிகள் எல்லாரும் வசியம் பிடிக்காத ‘கோலம்’ (golem) என்ற மண், கல் பொம்மைகள். நேராகத் தடை என்று சொல்லத் துணிவில்லாமல் சுற்றிவளைத்துத் தடை செய்வது இது. மாப்பிள்ளை முட்டாள் இல்லை, இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிடுவார். வயது வந்த டிராகன் போன்ற பெரிய எதிரிகளுக்கு ‘லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்’ என்று நாளைக்கு 3 முறை தப்பிக்கும் வசதி விதியிலேயே இருக்கிறது. கதையின் உச்சகட்டத்துக்கு அது போதும்.

இன்னொன்று, உங்கள் கதையில் ஒரு நாளைக்கு எத்தனை சம்பவம் நடக்கிறது? ஏழாம் லெவலில் அவரால் நாளுக்கு அதிகபட்சம் 7 முறை சஜெஷன் போட முடியும். வாரம் ஒரு மோதல், அது முடிந்ததும் முழு இரவுத் தூக்கம் என்று போனால் 7 என்பது எல்லையே இல்லாதது மாதிரிதான். விடிந்து பொழுது சாய்வதற்குள் நான்கைந்து இக்கட்டுகள் வந்தால் கையிருப்பை எண்ணிப் பார்க்க ஆரம்பிப்பார். அதோடு இது கவனம் சிதறாமல் தாங்கிப் பிடிக்க வேண்டிய மந்திரம். ஒன்றைப் பிடித்திருக்கும்போது அதே வகையில் இன்னொன்றைப் பிடிக்க முடியாது, அடி விழுந்தால் அதுவும் கைநழுவலாம்.

கொள்ளைத் தலைவனை நினைத்து வருந்துகிறீர்கள். எனக்கென்னவோ அவன் இப்போதுதான் சுவாரசியமாகிறான் என்று படுகிறது. அந்த மந்திரத்தின் ஆயுள் அதிகபட்சம் 8 மணி நேரம். எட்டு மணி நேரத்தில் எந்த நாட்டின் எல்லையைத் தாண்டிவிட முடியும்? நடுக்காட்டில், நள்ளிரவில், தன் ஆட்கள் எல்லாரும் விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்க, ‘நான் ஏன் இப்படி நடந்துகொண்டிருக்கிறேன்’ என்று அவன் நிற்கிறான். நடந்தது எதையும் மறந்துவிடுவான் என்று புத்தகத்தில் எங்கும் எழுதவில்லை. ஒரு பாட்டுக்காரன் இரண்டு வாக்கியம் பேசித் தன்னைத் துரத்திவிட்டான் என்ற மானக்கேடு அவனுக்கு. காதில் விழுந்தால்தான் மந்திரம் பிடிக்கும் என்பதையும் யோசித்துக் கண்டுபிடித்துவிடுவான். அடுத்த முறை அவன் கூட்டம் முழுவதும் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு, கைச்சாடையால் பேசிக்கொண்டு வரட்டும். சஜெஷன் பலிக்காது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் கிளை முறியும் சத்தமும் கேட்காது. பதுங்கிப் போய்ப் பாயத் தெரிந்தவருக்கு அன்று விருந்து. தோற்றுப்போன எதிரி தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டு வருகிறான் என்றால் யாருக்கும் கோபம் வராது. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

சார்ம் பர்சனையும் இதே கண்ணோடு படியுங்கள். மயங்கியவன் அவரை ஓர் அறிமுகமான நண்பராக நினைக்கிறான், அவ்வளவுதான். “உங்களை எனக்குப் பிடிக்கிறது ஐயா, ஆனால் கதவைத் திறந்தால் என் வேலை போய்விடும்” என்று நண்பனும் சொல்வான். ஒரு மணி நேரம் கழித்து, தன்னை மயக்கியது யார் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். அது புத்தகத்திலேயே இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு வேறொரு வேலையும் கொடுங்கள். ஆறாம் லெவலிலேயே அவருக்கு ‘கவுன்டர்சார்ம்’ என்றொரு திறமை கிடைத்திருக்கும், அநேகமாக ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டார். அவர் இசைத்துக்கொண்டிருக்கும்போது 30 அடிக்குள் இருக்கும் கூட்டாளிகள் வசியத்தை எதிர்க்க இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாறைக் கடற்கரையில் ஹார்ப்பி என்ற, பாடி மயக்கும் பறவைப் பெண்களை உட்கார வையுங்கள். அவற்றின் பாட்டு 300 அடிக்குக் கேட்கும், மயங்கியவர்கள் செங்குத்தான விளிம்பை நோக்கி நடப்பார்கள். ஒருமுறை அவர் பாட்டு மற்றவர்களைக் காப்பாற்றட்டும். யாராவது மயங்கிவிட்டால், அந்தப் பாத்திரத்தை நீங்கள் வாங்கி ஆடாதீர்கள். “அந்தப் பாட்டை நெருங்கிப் போகாமல் உனக்கு இருப்புக் கொள்ளவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர்களே ஆடிக்கொள்வார்கள்.

எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று கடிதத்தில் தெரிகிறது. ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், எல்லார் முன்னிலையிலும் வேண்டாம். தங்கை மூலம் சொல்லி அனுப்பும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். ஆட்டத்துப் பிரச்சினை அவர்கள் வீட்டுப் பிரச்சினையாகிவிடும். தனியாகப் போன் செய்து, “மாப்பிள்ளை, உங்கள் மந்திரத்தை நான் தொடப்போவதில்லை. இனி புத்தகத்தில் இருக்கிறபடி அப்படியே நடத்தப்போகிறேன், நீங்களும் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். நம் ஆட்கள் மீது மட்டும் வேண்டாம், வாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்” என்று சொல்லுங்கள். இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? விதியைப் படித்துவிட்டு வாருங்கள் என்றால் பேச்சாற்றல் பாத்திரத்தைத் தேடி எடுத்த மனிதருக்கு ஆர்வம்தான் வரும்.

ஒன்பதாம் லெவலில் அவருக்கு, ஆளையே ஆட்டிவைக்கும் ‘டாமினேட் பர்சன்’ மந்திரம் கிடைக்கும் என்று இப்போதே பயப்படாதீர்கள். பெயர்தான் பெரிது. அந்த லெவலில் நாளுக்கு ஒருமுறைதான் போட முடியும், ஒரு நிமிடம்தான் நிற்கும், மயங்கியவன் மீது அடி விழும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு. சஜெஷனைச் சமாளிக்கப் பழகியவருக்கு அது சுலபம். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் பார்டு ஒரு பழைய மந்திரத்தை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். எட்டாம் லெவலில் சஜெஷனையே மாற்றிக்கொள்ளத் தோன்றினால் அவரே கேட்பார், நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.